கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில்: அச்சுப்படத்தின் தொனி வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1880ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி வெளிவந்த 'டெய்லி கிராஃபிக்' என்னும் நியூ யோர்க் நாளிதழ், அக்காலத்தில் வழக்கிலிருந்த பல்வேறு படவாக்க முறைகளைத் தன் வாசகருக்கு ஒருங்கே காட்டும் பொருட்டு ஒரு பக்கத்தை ஒதுக்கியிருந்தது. அப்பக்கத்திலே இடம்பெற்ற படங்களுள் ஒன்று, நியூ யோர்க்கின் ஏழை மக்கள் கிடைத்த பலகைகளைக் கொண்டு எழுப்பிய குடிசைகளைக் காட்டுவது. ஹென்றி நியூட்டன் என்பார் எடுத்த புகைப்படத்தினை, ஓவியனின் தூரிகையோ செதுக்குவோனின் உளியோ இடையிடாத வகையில், ஸ்ரீபன் ஹோர்கன் என்னும் தொழில்நுட்பவாளர் அச்சுக்குரியதாக மாற்றியிருந்தார். செய்தித்தாள் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனையே பத்திரிகையொன்றில் வெளிவந்த முதலாவது ஹாஃப்டோன் புகைப்படம் எனக் கொள்வர். மொன்றியலில் வில்லியம் லெகோ என்பார் 1869லேயே 'கனேடியன் இலஸ்ட்ரேற்றட் நியூஸ்' வார இதழில் இதனையொத்த முயற்சியைச் செய்திருந்தார் என்பதும், அவ்விதழை நடத்திய டெஸ்பராவும் லெகோவுமே பின்னர் நியூ யோர்க்குக்கு வந்து 1873இல் 'டெய்லி கிராஃபிக்'கைத் தொடங்கினர் என்பதும் நினைவிற் கொள்ளப்படின், 'முதலாவது' என்ற சொல்லுக்கு அதிக அழுத்தங் கொடுக்க வேண்டிய அவசியம் எழாது. நமக்கு முக்கியமானது வேறு. அக்குடிசைகளின் மரப்பலகைக்கும் அவற்றின் பின்னுள்ள வானத்துக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுள் எவை எஞ்ச வேண்டும், எவை கறுப்பிலோ வெள்ளையிலோ கரைய வேண்டும் என்பதை யார் தீர்மானித்தனர்?

இவ்வினா வெறுந் தொழில்நுட்ப வினா அன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். புகைப்படம் 'உள்ளதை உள்ளவாறு' காட்டுவது என்னும் நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூர்சுவாச் சமூகத்தின் வலுவான கருத்துநிலைகளுள் ஒன்று. ஆனால் மக்களிற் பெரும்பாலோர் புகைப்படத்தைப் பார்த்தவர் அல்லர். அச்சிடப்பட்ட புகைப்படத்தைப் பார்த்தவர்கள். இரண்டுக்கும் இடையே அச்சுப்பட அறை ஒன்று உண்டு. அவ்வறையில் நிகழ்ந்த உழைப்பு எவ்வளவுக்குக் கண்ணுக்குப் புலப்படாது போயிற்றோ அவ்வளவுக்குப் படத்தின் 'உண்மை' உறுதி பெற்றது.

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். அச்சியந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஓரிடத்தில் மையை வைக்கும், அல்லது வைக்காது விடும். மூன்றாவது நிலை அதற்கில்லை. புகைப்படமோ வெண்மையிலிருந்து கருமை வரை இடையறாது செல்லும் தொனிகளாலானது. இம்முரண்பாட்டைத் தீர்த்த உபாயமே ஹாஃப்டோன். கட்டமிட்ட திரை ஒன்றினூடாகப் படத்தை மீண்டும் கமெராவில் எடுத்தால், ஒவ்வொரு பகுதியும் அதன் ஒளிக்கேற்பச் சிறியதும் பெரியதுமான புள்ளிகளாக உடையும். புள்ளிகள் யாவும் ஒரே கறுப்பு மையால் ஆனவை. அவற்றின் பருமனே வேறுபடும். தூரத்தே நின்று பார்க்கும் கண் அவற்றைச் சாம்பல் என மயங்கும். ஈய எழுத்து யுகத்துச் செய்தித்தாளிலே ஓர் அங்குலத்துக்கு 65 வரிகள் கொண்ட திரை சாதாரணமாகப் பயன்பட்டது. அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 4,225 புள்ளிகள். வழுவழுப்பான தாளில் அச்சிடும் சஞ்சிகைக்கு 133 அல்லது 150 வரிகள் வரை செல்லலாம்.

ஆயினும் திரையால் மட்டும் காரியம் முடிவதில்லை. நல்ல புகைப்படப் பிரதியொன்றின் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. மலிவான செய்தித்தாளிலே மை தரக்கூடிய விகிதம் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்றே. ஏனெனில் அத்தாள் உண்மையில் வெண்மையானதன்று. அதன் மீதுள்ள மையும் உண்மையிற் கருமையானதன்று. நூறு படிகளைப் பத்துப் படிகளுக்குள் அடக்குதல் வேண்டும். இதற்கு மேலாக, ஈரத்தை உறிஞ்சும் தாளில் புள்ளி பரந்து பெருக்கும். தட்டிலே பாதிப் பரப்பை மூடும் புள்ளி செய்தித்தாளில் முக்காற்பங்கை அணுகிவிடும். எனவே படத்தை உள்ளபடி தட்டுக்கு மாற்றினால் நடுத்தொனிகள் இருண்டு, நிழல்கள் அடைபட்டு, முகங்கள் சேறாகிவிடும். இதனைத் தவிர்க்க முன்கூட்டியே நடுப்பகுதியை வெளிறச் செய்தல் வேண்டும். நிழலிலே ஒரு சிறு வெண்புள்ளியாவது திறந்திருக்கச் செய்தல் வேண்டும். மிக ஒளிர்ந்த இடத்திலும் ஊசிமுனையளவு புள்ளியை நிறுத்தல் வேண்டும். எல்லாத் தொனிகளையும் சமமாக நெருக்கினால் படம் சாரமற்றுத் தட்டையாகும். ஒரு பகுதியில் வேறுபாட்டைக் கூட்டினால் மற்றொரு பகுதியில் அது குறைந்தே தீரும். கொன்ராஸ்ற் எனப்படுவது கொடையன்று, பங்கீடு. பங்கீடு என்று வந்துவிட்டால் யாருக்கு எவ்வளவு என்னும் வினாவும் உடன் வரும்.

ஹாஃப்டோனுக்கு முன்னர் இப்பங்கீட்டைச் செய்தவன் மரச்செதுக்குத் தொழிலாளி. இங்கிலாந்தில் தோமஸ் பியூவிக் (1753–1828) கடினமான பொக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்திலே நுண்ணிய உளிகொண்டு வெண்கோடுகளை வெட்டும் முறையைச் செம்மை செய்தார். எழுத்தோடு ஒருசேர அச்சிடத்தக்கதாகையால் அம்மரக்கட்டை, 1842இல் தோன்றிய 'இலஸ்ட்ரேற்றட் லண்டன் நியூஸ்' முதலிய படப்பத்திரிகைகளின் அடிப்படையாயிற்று. வாரந்தோறும் செய்தி வரவேண்டும். ஒரு பெரிய கட்டையை ஒருவன் செதுக்கி முடிக்க நாட்கணக்காகும். ஆகவே கட்டையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரே படத்தைப் பலரிடம் பகிர்ந்து கொடுத்து, பின்னர் ஆணி முடுக்கி ஒன்றாக இணைத்தனர். ஒருவன் வானத்தை வெட்டுவான், இன்னொருவன் மரங்களை, அனுபவம் மிக்கவன் முகங்களை. மூலதனம் நூலின் முதலாம் பாகத்திலே (1867) மார்க்ஸ் விவரித்த பகுதித் தொழிலாளிக்கு இதனைவிடத் துல்லியமான உருவத்தைக் கலையுலகிலே காண்பதரிது. தன் கையிலுள்ள துண்டு எந்தப் போரின், எந்த முடிசூட்டு விழாவின் பகுதி என்பதைக்கூட அறியாது இரவிரவாக உளி பிடித்தவர் பலர் இருந்திருப்பர்.

இவ்விடத்து வில்லியம் ஜேம்ஸ் லின்ரன் (1812–1897) என்பவரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அச்சுக்கலை நூல்களில் இவர் சிறந்த மரச்செதுக்குக் கலைஞராக மட்டும் இடம்பெறுவார். அரசியல் வரலாற்று நூல்களிற் சாசன இயக்கத்தவராக மட்டும் இடம்பெறுவார். இவ்விரண்டு லின்ரன்களும் ஒருவரே என்பதே முக்கியமானது. 1850களின் முற்பகுதியில் 'இங்கிலிஷ் ரிபப்ளிக்' என்னும் குடியரசுவாத ஏட்டை நடத்திய இவர், மாற்சினியின் தோழர். 1866இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தே அங்கு 'புதிய பள்ளி' எனப்பட்ட செதுக்கு முறை தலையெடுத்தது. மரக்கட்டையின் மீதே புகைப்படத்தைப் பதித்து, அதன் தொனிகளை நுண்ணிய கோடுகளாலும் புள்ளிகளாலும் அப்படியே பின்பற்றுவது அதன் நெறி. ரிமோதி கோல் போன்றோர் அதிலே வியத்தகு திறன் காட்டினர். 1879இல் 'அற்லான்ரிக் மந்த்லி' சஞ்சிகையிலும், 1882இல் வெளியிட்ட அமெரிக்க மரச்செதுக்கு வரலாற்று நூலிலும் லின்ரன் இதனைக் கடுமையாகத் தாக்கினார். செதுக்குபவன் உளியால் வரைபவன். ஒரு முகத்தையும் ஒரு மேகத்தையும் ஒரே வகையான பொடிக்கோட்டால் நிரப்பத் தொடங்குவானாயின் அவன் தெரிந்தெடுக்கும் உரிமையைத் துறந்து இயந்திரமாகிறான் என்பது அவரது வாதத்தின் சாரம்.

லின்ரனைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் அவரது கட்சி தோற்றுவிட்டது, தோற்க வேண்டியிருந்தது. எனினும் அவர் கண்டுகொண்ட ஒன்றை அவருடைய எதிரிகள் காணவில்லை. மனிதக் கை புகைப்படத் தொனியை அடிமைத்தனமாகப் பின்பற்றப் பழகிவிட்டால், அக்கையை இயந்திரத்தால் மாற்றீடு செய்வதற்கு வேண்டிய ஆயத்தம் பூர்த்தியாகிவிடுகிறது. இயந்திரம் வருமுன்பே உழைப்பு இயந்திரமயமாக்கப்பட்டுவிடுதல் கைத்தொழில் முதலாளித்துவத்தின் பொதுவிதி. மரச்செதுக்குத் துறையில் அது நிகழ்ந்து முடிந்த இருபது ஆண்டுகளுக்குள் அத்துறையே அழிந்தது.

அழிவின் கணக்கு சுருக்கமானது. பிரித்தானியாவில் ஃபொக்ஸ் ரல்பொட் 1852லேயே சல்லாத் துணியைத் திரையாகப் பயன்படுத்தும் எண்ணத்தைக் காப்புரிமையிற் குறிப்பிட்டிருந்தார். மியூனிச்சில் ஜியோர்க் மைசன்பாக் 1882இல் ஒற்றைவரித் திரையை இடைநடுவிலே திருப்பி இருமுறை ஒளிபாய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் பிரெடெரிக் ஐவ்ஸ் குறுக்குவரித் திரையை வளர்த்தெடுக்க, அந்நகரையே சேர்ந்த லெவி சகோதரர் 1890களின் தொடக்கத்தில் கண்ணாடியிற் கோடுகளைப் பொறித்து, அவற்றைக் கறுப்பால் நிரப்பி, இரு கண்ணாடிகளை ஒட்டிய துல்லியமான திரைகளைச் சந்தைப்படுத்தினர். அதன்பின் எல்லாம் விலையின் கதை. ஒரு முழுப்பக்க மரச்செதுக்குக்கு அமெரிக்கச் சஞ்சிகைகள் 300 டொலர் வரை கொடுத்த காலத்திலே, அதே அளவு ஹாஃப்டோன் புளொக் 20 டொலருக்கும் குறைவாகக் கிடைத்தது. 'மன்சிஸ்' சஞ்சிகை 1893 ஒக்ரோபரில் விலையைப் பத்துச் சதமாகக் குறைத்து வெகுசன வாசகரைக் கைப்பற்றியமைக்குப் பின்னணியில் இம்மலிவும் உண்டு. 1897இல் 'நியூ யோர்க் ட்ரிபியூன்' விரைவாகச் சுழலும் அச்சியந்திரத்திலும் ஹாஃப்டோனை ஓட்டிக் காட்டியபின் நாளிதழ்களும் இவ்வழிச் சென்றன.

ஆனால் இயந்திரம் வந்ததும் கை மறைந்துவிடவில்லை. மறைக்கப்பட்டது என்பதே பொருந்தும். தொனிப் பங்கீடு பல கைகளுக்கிடையே சிதறியது. மூலப்படத்தைத் தூரிகையாலும் மையூதியாலும் திருத்துபவர் ஒருவர். முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஓரத்தே வெள்ளைப் பூசுபவரும் அவரே. கமெராக்காரர் பிரதான ஒளிபாய்ச்சலோடு நிழலைத் திறக்க ஒரு கணம் வெள்ளைத் தாளைக் காட்டுவார்; ஒளிர்ந்த பகுதியின் வேறுபாட்டைக் கூட்டத் திரையை அகற்றி இன்னொரு கணம் எடுப்பார். செப்புத் தட்டை அமிலக் கரைசலில் ஊறவைப்பவர், கருமையாக நிற்கவேண்டிய இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு, வெளிற வேண்டிய புள்ளிகளை மேலும் அரிக்க விடுவார். இறுதியாக இயந்திரம் ஓட்டுபவர் உருளையின் அடியில் மெல்லிய தாள் துண்டுகளை வெட்டி ஒட்டி, இருண்ட பகுதிக்கு அழுத்தத்தைக் கூட்டுவார். இவர்களில் எவருடைய பெயரும் படத்தின் கீழ் வருவதில்லை. மரக்கட்டையின் மூலையிலாவது செதுக்கியவரின் பெயரோ பட்டறையின் பெயரோ சில வேளைகளிற் காணப்பட்டது. 1900இல் அமெரிக்கப் புகைப்படச் செதுக்குத் தொழிலாளர் அச்சுக்கோப்பாளர் சங்கத்திலிருந்து பிரிந்து தமக்கெனத் தனியான தொழிற்சங்கத்தை அமைத்தமை, தம் திறனின் தனித்தன்மையை அவர்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று. 1964இல் அச்சங்கம் கல்லச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது. ஓஃப்செற் முறை ஈய எழுத்தையும் செப்புப் புளொக்கையும் ஒருசேர வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது.

இத்தொனிப் பங்கீட்டின் சமூக உள்ளடக்கத்தைக் காட்ட ஜேக்கப் ரீஸ் அவர்களின் நூலைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடையாது. டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்து நியூ யோர்க்கிலே பொலிஸ் நிருபராகப் பணியாற்றிய ரீஸ், நகரின் நெரிசற் குடியிருப்புகளை அம்பலப்படுத்தி 1890இல் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. அக்குடியிருப்புகளின் முதற்பண்பு இருளே. சாளரமற்ற உள்ளறைகள், பகலிலும் விளக்கு வேண்டிய படிக்கட்டுகள். ஏழைகள் புகைப்படத்திலே தோன்றாமைக்கு ஒரு காரணம், அவர்கள் வாழ்ந்த இடத்திலே புகைப்படத்துக்குப் போதிய ஒளி இல்லாமையே. வீட்டுச் சொந்தக்காரரின் இலாப வேட்கை வெளிச்சத்தையும் காற்றையும் சுவர்களால் அடைத்துவிட்டது. 1887இல் ஜேர்மனியிலே மக்னீசியப் பொடி வெடிப்பொளி கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைப் படித்த ரீஸ், அதனைக் கொண்டு அவ்விருளைக் கிழித்தார். கிடைத்த படங்களில் முன்னால் இருப்போர் சுண்ணாம்பு போல் வெளுத்தும், பின்சுவர் கரிபோற் கறுத்தும் காணப்படுவர். இடைத்தொனி மிகச் சிலவே.

இத்தகைய மூலப்படம் அன்றைய ஹாஃப்டோனுக்கு மிகக் கடினமானது. நூலிலே சில படங்கள் ஹாஃப்டோனாக, மங்கியும் கலங்கியும், அச்சாயின. ஏனையவை புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் வரைந்த கோட்டுப் படங்களாக இடம்பெற்றன. கோட்டுப் படங்கள் தெளிவானவை. ஆனால் அத்தெளிவு விலைகொடுத்துப் பெறப்பட்டது. புகைப்படத்திலிருந்த தற்செயலான விவரங்கள் பல, ஓவியர் அவசியமற்றவை எனக் கருதியமையால் விடுபட்டன. அறையின் நெரிசல் ஒழுங்கான காட்சியமைப்பாக மாறியது. ரீஸ் 1914இல் இறந்தபின் அவரது கண்ணாடி நெகற்றிவ்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அலெக்சாண்டர் அலண்ட் என்னும் புகைப்படக் கலைஞரின் முயற்சியால் அவை மீட்கப்பட்டு, புதிய பிரதிகளாக 1947இல் நியூ யோர்க் நகர நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று நாம் 'ரீஸின் புகைப்படங்கள்' எனப் போற்றுபவை பெரும்பாலும் 1890ஆம் ஆண்டு வாசகன் கண்டவை அல்ல. அலண்டின் இருட்டறையில் நிழல்கள் திறக்கப்பட்ட படங்களே. அரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மக்களின் முகங்கள் நெகற்றிவிலே இருந்தன, அச்சிலே இருக்கவில்லை.

ரீஸை மிகையாகப் போற்ற வேண்டியதில்லை. உறங்கிக் கிடந்தோரின் முகத்தெதிரே நள்ளிரவிலே வெடிப்பொளியைக் கொளுத்தியவர் அவர். வந்தேறு மக்களை இனவாரியாகப் பிரித்து அவர்தம் 'குணங்களை' விவரிக்கும் அவரது எழுத்து இன்று படிக்கக் கூசுவது. வாடகை முதலாளிகளின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பினாற் போதும் என நம்பிய சீர்திருத்தவாதி அவர். எனினும் அவரது படங்கள் அவரது கொள்கையைவிடக் கூடுதலாகக் காட்டின. யதார்த்தவாதத்தின் வெற்றி என எங்கெல்ஸ் பால்சாக்கைக் குறித்துக் கூறியது இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று.

இதுவரை கூறியவை யாவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தவை. ஆனால் ஹாஃப்டோனின் தொனிப் பிரச்சினை அனுபவக் கைத்திறனாக இருந்த நிலையிலிருந்து கணிதத்துக்குரியதாக உயர்வதற்கு முக்கிய பங்களிப்பு ஒன்று, குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த கல்கத்தாவிலிருந்து வந்தது. வங்கச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடியும் ஓவியரும் இசைஞருமான உபேந்திரகிஷோர் ராய் (1863–1915), தமது சிறுவர் இராமாயணத்துக்கென வரைந்த படங்கள் மரக்கட்டையிற் செதுக்கப்பட்டுப் பழுதுற்றமை கண்டு மனம் நொந்தே இத்துறையில் இறங்கினார் என்பர். 1895இல் இங்கிலாந்திலிருந்து கமெராவும் திரைகளும் பிற கருவிகளும் தருவித்துப் பட்டறை அமைத்தார். அவருக்குக் கற்பிக்க அங்கு எவரும் இருக்கவில்லை. இதுவே ஒருவகையில் நன்மையாயிற்று எனலாம். இலண்டன் தொழிலாளி, மேலாளாகிய கைத்தொழில் வல்லுநனிடம் 'இப்படிச் செய்தால் வரும்' எனக் கற்றதை, இவர் 'ஏன் வருகிறது' எனக் கேட்டுக் கற்க வேண்டியிருந்தது.

பிரச்சினை இதுதான். திரையை ஒளித்தட்டோடு ஒட்டி வைத்தாற் கட்டங்கள் மட்டுமே விழும். பருமன் வேறுபடும் புள்ளிகள் விழா. சிறிது விலக்கி வைத்தாலே தொனிகள் உருவாகும். எவ்வளவு விலக்க வேண்டும்? பட்டறைகள் பலவற்றில் இதனைத் தடவித் தடவிக் கண்டனர். உபேந்திரகிஷோர் திரையின் ஒவ்வொரு துளையையும் ஓர் ஊசித்துளைக் கமெராவாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் வில்லையின் திறப்பினது மிகச் சிறிய பிம்பமே என்ற அடிப்படையில், திரையின் தூரம், கமெராவின் நீட்சி, திறப்பின் அளவு, திரையின் நுண்மை ஆகியவற்றுக்கிடையிலான உறவை வடிவகணித முறையில் ஆராய்ந்தார். 1897 தொடக்கம் 1912 வரை இலண்டனில் வெளியான 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் இவர் எழுதிய கட்டுரைகள் திரையைக் குவியப்படுத்துதல், ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு, ஒளி வளைவின் விளைவு, அறுபது பாகைக் குறுக்குவரித் திரை, பல்வகைத் திறப்புகள் எனப் படிப்படியாக விரிந்தன. கடைசியிற் கூறிய விடயம் நமது பொருளுக்கு நேரடியாக உரியது. பெருந்திறப்பு ஒளிர்ந்த பகுதிகளின் புள்ளிகளை வளர்க்கும். சிறுதிறப்பு நிழலிலே தெளிவான புள்ளியை நிறுவும். ஒரே படத்துக்கு வெவ்வேறு திறப்புகளைக் கணக்கிட்டுப் பயன்படுத்துவது, தொனிப் பங்கீட்டைக் கைப்பழக்கத்தின் பிடியிலிருந்து விடுவித்து அறிவின் ஆட்சிக்குள் கொண்டுவருவதாகும்.

குடியேற்ற நாடு மூலப்பொருளை அனுப்பும், தாய்நாடு உற்பத்திப் பொருளை அனுப்பும் என்பது நாம் பழகிய சூத்திரம். இங்கே கல்கத்தாவிலிருந்து சென்றது கோட்பாடு. இலண்டனிலிருந்து வந்தது கண்ணாடித் திரை. கோட்பாட்டைச் சஞ்சிகைக் கட்டுரையாக எவரும் எடுத்துக்கொள்ளலாம். திரையை விலை கொடுத்தே வாங்க வேண்டும். துல்லியக் கண்ணாடிக் கைத்தொழிலோ வில்லைத் தயாரிப்போ அற்ற நாட்டிலே இவ்வறிவு ஒரு குடும்பத்தின் பட்டறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பட்டறையின் புளொக்குகள் 'பிரவாசி', 'மொடேர்ன் ரிவியூ' ஆகிய சஞ்சிகைகளில் வங்க ஓவியங்களை வர்ணத்தில் அச்சேற்றி, தேசிய எழுச்சிக் காலத்து மத்தியதர வர்க்கத்தின் அழகுணர்வை உருவாக்கியமை வேறு விடயம். மகன் சுகுமார் ராய் 1911இல் புலமைப்பரிசில் பெற்று இலண்டனிலும் மான்செஸ்ரரிலும் இத்தொழிலைப் பயின்றார். மூலப்படத்தை ஒரு தரத்துக்குக் கொண்டுவருதல் பற்றி, அதாவது அச்சுக்குச் செல்லுமுன் அதன் தொனி நெடுக்கத்தை ஒழுங்குபடுத்தல் பற்றி, அவரும் அம்மலரிலே எழுதினார். 1923இல் முப்பத்தைந்து வயதிற் காலா அசார் நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த நிறுவனமும் அத்தசாப்தத்திலேயே கடனில் மூழ்கி மறைந்தது. அவரது மகன் சத்யஜித் ராய் திரைப்படத்தில் இருளையும் ஒளியையும் கையாண்ட விதத்தைப் பாட்டனாரின் பட்டறையோடு தொடர்புபடுத்தும் கவர்ச்சி எழுவது இயல்பே. அதற்கு நான் இடங்கொடேன். இரத்த உறவு வரலாற்று விளக்கம் ஆகாது.

வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கலைப்படைப்பு இயந்திர மறுவுற்பத்திக்கு உட்படும்போது அதன் ஒளிவட்டம் தேய்ந்துபோவதை விளக்கியது. நமது விமரிசகர்கள் அதனைப் பலமுறை மேற்கோள் காட்டியுள்ளனர். ஆனால் மறுவுற்பத்தி என்பது தானே நிகழும் ஒன்றைப் போல அதிலே தோன்றுகிறது. மூலப்படத்துக்கும் பிரதிக்குமிடையே வார்னிஷ் தூரிகையோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பது அதன் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது.

பிற்பகுதியின் கதை வேகமானது. 1957இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்திலே ரசல் கேர்ஷ் என்பாரும் அவரது சகாக்களும் ஒரு குழந்தையின் சிறு புகைப்படத்தை 176க்கு 176 சதுரங்களாகப் பிரித்துக் கணினிக்குள் இட்டனர். அவ்வியந்திரம் ஒவ்வொரு சதுரத்தையும் கறுப்பு அல்லது வெள்ளை என்றே கண்டது. சாம்பலைப் பெற, எல்லைக்கோட்டை மாற்றி மாற்றிப் பலமுறை வாசித்து அவற்றை ஒன்றன்மேலொன்றாக இட வேண்டியிருந்தது. பழைய புளொக் அறையின் பிரச்சினையே புதிய வடிவில் மீண்டமை கவனிக்கத்தக்கது. 1990இல் 'போட்டோஷொப்' சந்தைக்கு வந்தபோது 256 படிகளாலான சாம்பலும், அவற்றைத் திருத்தும் வளைகோடும் மேசைக் கணினியின் திரைக்கு வந்தன. அவ்வளைகோட்டை இழுப்பவர் ஒவ்வொருவரும், அமிலத் தொட்டியருகே நின்றவரின் பல தலைமுறை அனுபவத்தை விரல்நுனியால் நகர்த்துகிறார். இறந்த உழைப்பு என மார்க்ஸ் குறிப்பிட்டதன் எளிமையான உதாரணம் இது. செய்தித்தாளுக்கு நடுத்தொனியை இவ்வளவு வெளிறச் செய்க என்று மென்பொருள் தானாகவே முன்மொழியும் எண்ணுக்குப் பின்னாற் சேறாகிப்போன எத்தனையோ முகங்கள் உள்ளன.

கருவி எல்லோருக்கும் கிட்டியதனாற் பங்கீடு நீதியாகிவிடவில்லை. 1994 யூன் 27ஆந் திகதியிட்ட 'டைம்' சஞ்சிகை, கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் புகைப்படத்தை இருட்டாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் 'நியூஸ்வீக்' அப்படத்தைத் திருத்தாது வெளியிட்டமையால் இரண்டையும் கடையிலே அருகருகே வைத்து நோக்க முடிந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 'டைம்' ஆசிரியர் வருத்தந் தெரிவித்தார். அங்கே ஒரு கோடும் புதிதாக வரையப்படவில்லை, ஒரு முகமும் வெட்டி ஒட்டப்படவில்லை என்ற வாதம் சரியாகவே இருக்கலாம். நிழல் கூட்டப்பட்டது, அவ்வளவே. வழக்கு மன்றுக்குச் செல்லுமுன்பே தீர்ப்புக்கு அது போதுமானதாயிருந்தது.

நமது பதிப்பு முயற்சிகளுக்கும் இதனோடு தொடர்புண்டு. ஈய அச்சு யுகத்தில் ஓர் எழுத்தாளரின் முகத்துக்கென ஒருமுறை செய்த புளொக், அச்சகத்தின் இழுப்பறையிற் கிடந்து ஆண்டுக்கணக்கில் நினைவு மலர் தோறும் வந்துகொண்டிருக்கும். தேய்வுற்ற அப்புளொக்கின் நிழல்கள் அடைபட்டு, கண்கள் இரு கரும்பொட்டுகளாவதை நாமெல்லாம் கண்டுள்ளோம். மூலப்படம் தொலைந்தபின், அச்சான படத்தையே மீண்டும் திரையினூடாக எடுத்து அச்சிடும்போது பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதி அலையலையான கறைகள் தோன்றும். எஞ்சிய இடைத்தொனியும் போய்விடும். இன்று பழைய ஏடுகளைக் கணினிப்படுத்தும் அரும்பணியிலே ஈடுபட்டிருப்போர் சிலவேளை கோப்பின் பருமனைக் குறைக்கவும் எழுத்தைத் தெளிவாக்கவும் பக்கம் முழுவதையும் தனிக் கறுப்பு, தனி வெள்ளை என இரண்டே படிகளில் வருடி எடுத்துவிடுகின்றனர். எழுத்துக்கு அது தகும். ஆனால் அதே பக்கத்திலுள்ள ஹாஃப்டோன் படத்துக்கு நிகழ்வது மரணம். தாளின் பழுப்பு நிறத்தை நீக்கும் எல்லைக்கோடு நெற்றியையும் கன்னத்தையும் நீக்கிவிடும், அல்லது அவற்றைச் சேர்த்து மூடிவிடும். அப்பக்கத்தை 256 படிச் சாம்பலில் எடுத்து வைத்து, அச்சிடும் வேளையிலே அந்தத் தாளுக்கேற்ப வளைகோட்டைத் திருத்திக்கொள்ளலாம். மூலக் கோப்பைத் தொடலாகாது. கூட்டமொன்றின் படத்திலே முன்வரிசையினரின் வெள்ளை வேட்டிகள் எப்படியும் தப்பிவிடும். பின்வரிசையிலே, மரநிழலில் நிற்கின்ற பெயர் குறிக்கப்படாதவர்களின் முகங்கள்தான் ஒவ்வொரு மறுபதிப்பிலும் முதலிலே போகின்றன.